விளையாட்டு விதிகளைத் தானாக உருவாக்க எந்த மொழி? ஜிடிஎல் முதல் பஸில்ஸ்கிரிப்ட் வரை ஓர் ஒப்பீடு

புதிய பலகை ஆட்டத்தையோ புதிரையோ கணினியே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு ப்ராஜெக்ட் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். விதிகளை எந்த மொழியில் எழுதுவது? பைத்தானிலோ ஜாவாவிலோ நேராக எழுதினால் ஆட்டம் ஓடும். ஆனால் அந்த நிரலை வெட்டி, ஒட்டி, இன்னொரு ஆட்டமாக மாற்று என்று கணினியிடம் கொடுத்தால் கிடைப்பதில் முக்கால்வாசி கம்பைல்கூட ஆகாது. விதிகளைச் சொல்வதற்கென்றே அமைந்த சிறிய, இறுக்கமான மொழி தேவை. அப்படிப்பட்ட மொழிகள் இன்று அரை டஜனுக்குக் குறையாமல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைப் 'பொதுவான' மொழி என்றே சொல்லிக்கொள்வதால் குழப்பம் கூடுகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மொழிக்கு முன்னால் நடுவரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிரல் ஆயிரம் விதித்தொகுப்புகளைக் கொட்டும். அவற்றில் எது நல்ல ஆட்டம் என்று யார், எப்படி முடிவு செய்யப்போகிறார்கள்? ஏஐ ஆடிப் பார்க்குமா, சால்வர் தீர்த்துப் பார்க்குமா, தர்க்கத்தால் நிரூபிக்க வேண்டுமா, மனிதர்கள் ஆடிப் பார்ப்பார்களா? இதற்குப் பதில் வந்துவிட்டால் மொழியும் ஏறக்குறைய முடிவாகிவிடும்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் சுட்டும் வெற்றி கேமரன் பிரவுனுடையது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக, தெரிந்த ஆட்டங்களின் விதிகளைக் கலந்து புதிய ஆட்டங்களை 'வளர்க்கும்' ஓர் அமைப்பை அவர் எழுதினார். அது 1,389 விதித்தொகுப்புகளை உருவாக்கியது. ஆடத்தக்கவை என்று தேறியவை 19. நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. அந்த 19-இல் ஒன்றுதான் யவலாத். ஸ்பெயினின் நெஸ்டர்கேம்ஸ் அதை 2009-இல் கடைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கலுக்காகவே அமைத்த மொழியிலேயே தேர்ச்சி விகிதம் இவ்வளவுதான். ஆக, உங்கள் நிரல் பெரும்பாலான நேரத்தைக் கழித்துக்கட்டுவதில்தான் செலவிடப்போகிறது. ஒரு மோசமான ஆட்டத்தைக் கழிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதே முதல் கணக்கு.

## எதை வைத்து அளப்பது

எந்த வகை ஆட்டம். இருவர் மாறி மாறி ஆடும் பலகை ஆட்டமா, ஒருவர் தீர்க்கும் புதிரா, ஓடி ஒளியும் ஆர்கேட் ஆட்டமா? சீட்டுக்கட்டு போலக் கையை மறைத்து ஆடுவதா, பகடை உண்டா? எல்லாவற்றையும் சமமாகச் செய்யும் மொழி எதுவும் இல்லை.

தற்செயல் மாற்றத்தைத் தாங்குமா. விதிகளில் ஓரிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் கிடைப்பது இன்னொரு ஆட்டமா, குப்பையா? கையால் விதி எழுதுபவருக்கு இது ஒரு பொருட்டல்ல. தானாக உருவாக்குபவருக்கு இதுதான் உயிர்நாடி. மொழிகளின் அறிமுகக் கட்டுரைகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 விதித்தொகுப்புகள், ஒவ்வொன்றையும் சோதிக்க 100 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 40 நகர்வுகள், ஒவ்வொரு நகர்வையும் தீர்மானிக்க மான்டே கார்லோ தேடல் 500 முறை கடைசிவரை ஆடிப்பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 கோடி ஓட்டங்கள். நொடிக்கு 1,000 ஓட்டம் என்றால் 23 நாள் ஆகும். நொடிக்கு 20,000 என்றால் 28 மணி நேரம். முதலாவதில் உங்கள் நிரலில் பிழை இருப்பது மூன்று வாரம் கழித்துத் தெரியும், இரண்டாவதில் நாளைக்கே தெரிந்துவிடும்.

படிக்க முடியுமா. கடைசியில் தேறிய ஆட்டத்தை மனிதருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விதிக் கோப்பைப் பார்த்ததும் ஆட்டம் புரியாவிட்டால் அந்த வேலை தனியாக நிற்கும்.

உறுதி தர முடியுமா. ஆட்டம் கட்டாயம் முடியும், கட்டாயம் தீர்க்கக்கூடியது என்றெல்லாம் நிரூபிக்க வேண்டிய தேவை சிலருக்கு உண்டு. பலருக்கு இல்லை.

உரிமமும் பராமரிப்பும். விற்கும் எண்ணம் இருந்தால் இதைக் கடைசியில் பார்க்காமல் முதலில் பாருங்கள்.

## ஜிடிஎல்: எதையும் சொல்லலாம், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்

ஜிடிஎல் (கேம் டிஸ்கிரிப்ஷன் லாங்வேஜ்) ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஜெனசரெத் குழு உருவாக்கிய மொழி. 2005-இல் தொடங்கிய பொது ஆட்டப் போட்டிகளுக்காக வந்தது. போட்டியாளரின் நிரலுக்கு முன்பின் தெரியாத ஒரு விதிக் கோப்பைக் கொடுப்பார்கள். அது அதைப் படித்துப் புரிந்துகொண்டு உடனே ஆட வேண்டும். கோப்பில் இருப்பது தூய தர்க்கம், புரோலாக் என்ற தர்க்க நிரல் மொழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. யார் ஆடுகிறார்கள், தொடக்க நிலை என்ன, எந்த நகர்வு செல்லும், நகர்ந்தபின் எது உண்மை, எப்போது முடிவு, யாருக்கு 0 முதல் 100-க்குள் எத்தனை புள்ளி என்று சொல்ல ஒரு கைப்பிடி சிறப்புச் சொற்கள். அவ்வளவுதான் மொழி.

இதில் பலகை என்ற கருத்தே கிடையாது. காய், வரிசை, எண் எதுவும் கிடையாது. 1-க்கு அடுத்தது 2, 2-க்கு அடுத்தது 3 என்பதைக்கூட நீங்களே எழுத வேண்டும். இதனால் வரம்பு ஏறக்குறைய இல்லை என்பது பெரிய பலம். எல்லோரும் ஒரே நேரத்தில் நகரும் ஆட்டங்கள் இதில் இயல்பாக வரும். மாறி மாறி ஆடுவதைத்தான் 'இப்போது சும்மா இரு' என்ற ஒரு நகர்வைச் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். மைக்கேல் தீல்ஷர் 2010-இல் கொண்டுவந்த ஜிடிஎல்-2 தற்செயலையும் மறைந்த தகவலையும் சேர்த்தது.

தானாக உருவாக்க இறங்கும்போது அதே பலம் காலை வாரிவிடுகிறது. ஒரு நகர்வுக்குப் பின் எது மாறுகிறது என்பதோடு எது மாறாமல் இருக்கிறது என்பதையும் ஜிடிஎல்லில் எழுதியாக வேண்டும். எக்ஸ்-ஓ ஆட்டத்தில் 'ஏற்கனவே குறி போட்ட கட்டம் அப்படியே இருக்கும்' என்பது தனி வரி. அந்த ஒரு வரியை உங்கள் மியூட்டேஷன் (தற்செயல் மாற்றம்) அழித்துவிட்டால், ஒவ்வொரு நகர்வுக்கும் பலகை முந்தைய குறிகளை மறந்துவிடும். இலக்கணப்படி அது சரியான விதிக் கோப்புதான், ஆனால் யாரும் ஆட முடியாது. ஜிடிஎல்லில் கண்டபடி மாற்றினால் கிடைப்பதில் ஏறக்குறைய எல்லாமே இந்த ரகம். 'வெட்டு', 'தாண்டு', 'வரிசை கட்டு' போன்ற ஆட்டக் கருத்துகள் பல வரிகளில் சிதறிக் கிடப்பதால், ஒன்றை எடுத்து இன்னோர் ஆட்டத்தில் ஒட்டுவதும் லேசில் முடியாது.

வேகமும் மந்தம். ஒவ்வொரு நிலைக்கும் தர்க்க அனுமானம் ஓட வேண்டும். விதிகளை விரித்து மின்சுற்று போன்ற வலையாக மாற்றி வேகப்படுத்தும் உத்திகள் உண்டு. சதுரங்கம் அளவுக்குப் பெரிய ஆட்டங்களில் அந்த விரிவாக்கமே வெடித்துப் பெருகிவிடும்.

விதிகளைப் பற்றி எதையாவது நிரூபிப்பதோ, அறிமுகமற்ற ஆட்டத்தைப் படித்து ஆடும் ஏஐ எழுதுவதோ உங்கள் ஆய்வு என்றால் ஜிடிஎல்லை எடுங்கள். புதிய ஆட்டம் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் வேண்டாம்.

## லூடீ: பலகை ஆட்டங்களுக்கு என் முதல் பரிந்துரை

பிரவுன் பின்னர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியோடு 2018 முதல் 2023 வரை டிஜிட்டல் லூடீம் திட்டத்தை நடத்தினார். உலகின் மரபு ஆட்டங்களைக் கணினியில் மீட்டெடுப்பது அதன் நோக்கம். அதற்காக எழுந்ததுதான் லூடீ. இதன் அடிப்படை அலகு 'லூடீம்', அதாவது ஆட்டக் கருத்தின் ஒரு துண்டு. 'காலி இடத்தில் காய் வை', 'அறுகோணக் கட்டப் பலகை', 'நான்கு வரிசையானால்' ஒவ்வொன்றும் ஒரு லூடீம். இவற்றை அடைப்புக்குறிகளுக்குள் அடுக்கினால் ஆட்டம் கிடைக்கும்.

யவலாத் முழுவதும் இவ்வளவுதான் (கோப்பில் உள்ள சொற்களைத் தமிழாக்கி, அமைப்பை அப்படியே தருகிறேன்):

(ஆட்டம் "யவலாத்"
  (ஆட்டக்காரர்கள் 2)
  (பொருள்கள் (பலகை (அறுகோணம் 5)) (காய் ஒவ்வொருவருக்கும்))
  (விதிகள்
    (ஆடு (வை (காலி இடங்கள்)))
    (முடிவு
      (வரிசை 4 என்றால் வைத்தவர் வெற்றி)
      (வரிசை 3 என்றால் வைத்தவர் தோல்வி))))

நான்கு வரிசையானால் வெற்றி, அதற்கு முன் மூன்று வரிசையானால் தோல்வி. படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆடிப் பாருங்கள். இரண்டு காய், ஓர் இடைவெளி, ஒரு காய் என்று நீங்கள் வைத்தால், எதிராளி அந்த இடைவெளியை அடைத்தே தீர வேண்டும். அங்கே வைத்தால் அவருக்கு மூன்று வரிசையாகிவிடும் என்றால் அவர் கதை முடிந்தது. எதிராளியை அவர் கையாலேயே தோற்கவைக்கும் இந்த உத்தியை யாரும் விதியாக எழுதவில்லை. இரண்டு வரிகள் மோதியதில் தானாகப் பிறந்தது. விதிகளைத் தானாக உருவாக்கும் இந்த முயற்சி முழுவதையும் நியாயப்படுத்தும் கணம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இந்தக் கோப்பில் கைவைத்துப் பாருங்கள். 4-ஐ 5 ஆக்கினால் ஆட்டம். அறுகோணப் பலகையைச் சதுரமாக்கினாலும் ஆட்டம். 'தோல்வி'யை 'வெற்றி' ஆக்கினால் சப்பென்ற ஆட்டம்தான், ஆனாலும் ஓடும். நடுவர் ஆடிப் பார்த்துக் கழித்துவிடுவார். கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றினால் மட்டும் கதை வேறு: நான்கு வரிசைக்குள் மூன்றும் இருப்பதால், தோல்வியை முதலில் பார்த்தால் வெற்றியே நடக்காது. இப்படி வரிசைமுறையில் ஒளிந்திருக்கும் பொருளும் உண்டு, கவனியுங்கள்.

ஒழுங்கற்ற பலகைகளும் இதில் வரும். நம் ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. ஆடுகள் முதலில் ஒவ்வொன்றாக இறங்கி, எல்லாம் இறங்கியபின் நகரத் தொடங்கும். புலி தாண்டி வெட்டும். சமமற்ற இரு தரப்பு, இறக்குவது பின் நகர்வது என்ற இரண்டு நிலைகள், சதுரக் கட்டமில்லாத பலகை என மூன்று சிக்கலும் ஒன்றாக இருப்பதால் எந்த மொழியையும் சோதிக்க இது நல்ல உரைகல். லூடீயில் பலகையைப் புள்ளிகளும் கோடுகளுமாகக் கொடுத்துவிட்டு, 'இறக்கு', 'நகர்', 'தாண்டு' என்ற தயார்ச் சொற்களை அடுக்கினால் முடிந்தது. ஜிடிஎல்லில் எந்தப் புள்ளியிலிருந்து எதைத் தாண்டி எங்கே போகலாம் என்று ஒவ்வொரு தாவலையும் தனித்தனி உண்மையாக எழுத வேண்டும்.

1,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் தயாராகக் கிடைக்கின்றன. பகடையும் மறைந்த தகவலும் உண்டு. ஏஐ ஆட்டக்காரர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். வேகம் ஜிடிஎல்லை விடப் பல மடங்கு.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். முதலாவது, உரிமம் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கானது. மொபைல் ஆப்பில் எஞ்சினையே வைத்து விற்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது. இரண்டாவது, லூடீயின் இலக்கணம் அதன் ஜாவா கிளாஸ்களிலிருந்தே பிறக்கிறது. அதனால் மொழி மிகப் பெரியது, பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்யும். ப்ராஜெக்ட் முடியும்வரை ஒரே பதிப்பில் நில்லுங்கள். மூன்றாவது, இலக்கணம் சரி ஆனால் ஆட்டம் செத்தது என்ற நிலை இங்கேயும் உண்டு: பலகையில் இல்லாத காய்க்கு விதி, நகரவே வழியில்லாத தொடக்கம். ஏஐயிடம் அனுப்புமுன் இவற்றைப் பிடிக்க மலிவான சோதனைகள் சில நீங்களே எழுத வேண்டும். 50 முறை கண்டபடி ஆடவிட்டாலே பெரும்பாலானவை சிக்கிவிடும்.

நான்காவது செலவு ஆழமானது. லூடீம்கள் மனிதர்கள் ஏற்கனவே ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்தவை. அதனால் கிடைக்கும் புதிய ஆட்டங்களுக்குப் பழைய ஆட்டங்களின் முகச்சாயல் இருக்கும். அதனால்தான் அவை ஆடத்தக்கவையாகவும் இருக்கின்றன. இரண்டையும் பிரிக்க முடியாது.

## ஆர்பிஜி: வேகம்தான் எல்லாம் என்றால்

ஆர்பிஜி (ரெகுலர் போர்ட்கேம்ஸ்) போலந்தின் விரோட்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தில் யாகுப் கோவால்ஸ்கி, மாரெக் ஷிகுவா முதலியோர் 2019-இல் வெளியிட்டது. பெயரில் உள்ள 'ரெகுலர்', தானியங்கிக் கோட்பாட்டில் படித்த அதே ரெகுலர்தான். பலகை ஒரு வரைபடம். விதி ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எந்தக் குறியீட்டு வரிசைகள் பொருந்தும் என்று சொல்லும் ஒரு கோவை. அந்தக் கோவைக்குப் பொருந்தும் ஒவ்வொரு பாதையும் ஒரு செல்லுபடியான நகர்வு. கோப்பு சி++ ஆகக் கம்பைல் ஆகி அதிவேகமாக ஓடும்.

ஆடு புலி ஆட்டத்துக்கு இந்த அணுகுமுறை பாந்தமாகப் பொருந்தும்: 'ஒரு திசையில் ஒரு படி, அங்கே ஆடு, அதே திசையில் இன்னொரு படி, அங்கே காலி' என்று புலியின் தாவலை ஒரே கோவையில் சொல்லலாம். ஆனால் உச்சிப்புள்ளியிலிருந்து சாய்ந்து இறங்கும் கோடுகளுக்குத் திசைப்பெயரை நீங்கள் கவனமாகச் சூட்ட வேண்டும். பெயர் பிசகினால் புலி கோடு மாறித் தாவும்.

தகவல் ஒளிவுமறைவற்ற, பகடையில்லாத, முறைவைத்து ஆடும் ஆட்டங்களோடு ஆர்பிஜியின் எல்லை முடிகிறது. கோவைகள் கண்ணுக்குச் சிரமம். கம்பைல் செய்யும் நேரத்தையும் மறக்காதீர்கள்: நல்ல ஆட்டம் ஒன்றைக் கோடி முறை ஆட அது ஒரு பொருட்டல்ல, ஆனால் உடனே கழிக்கப்போகும் ஆயிரம் மோசமான ஆட்டங்களுக்கும் அதே விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். தேறிய பத்து ஆட்டங்களை ஆழமாகச் சோதிக்க இது அருமை. முதல் சல்லடைக்கு லூடீயே போதும்.

## விஜிடிஎல்: ஆர்கேட் ஆட்டங்களுக்கு

பலகையை விட்டு வீடியோ கேம் பக்கம் வந்தால் முதலில் நிற்பது விஜிடிஎல் (வீடியோ கேம் டிஸ்கிரிப்ஷன் லாங்வேஜ்). ஜெர்மனியின் டாக்ஸ்டூல் கருத்தரங்கில் ஆய்வாளர்கள் விவாதித்த கருத்துக்கு டாம் ஷால் 2013-இல் பைத்தானில் உருவம் கொடுத்தார். பிறகு ஜாவா வடிவம் வந்து, 2014 முதல் போட்டிகளும் நடந்தன. கோப்பில் நான்கே பகுதிகள்: என்னென்ன உருக்கள், லெவல் படத்தில் எந்த எழுத்து எந்த உரு, இரண்டு உருக்கள் மோதினால் என்ன ஆகும், ஆட்டம் எப்போது முடியும்.

மூன்றாவது பகுதிதான் இதயம். 'வீரர் – சுவர்: பின்வாங்கு', 'பெட்டி – வீரர்: முன்னே தள்ளு', 'பெட்டி – குழி: மறை, ஒரு புள்ளி'. பெட்டிகளைத் தள்ளி இடம்சேர்க்கும் பிரபல புதிரான சோகோபான் ஏறக்குறைய வந்துவிட்டது. விதியை உருவாக்குவது என்றால் இரண்டு உருக்களைத் தேர்ந்து, பட்டியலிலிருந்து ஒரு விளைவை எடுத்து நடுவில் போடுவது. எதைப் போட்டாலும் ஏதோ ஒன்று நடக்கும். இங்கே விவாதித்தவற்றுள் தற்செயல் மாற்றத்தை மிக எளிதாகத் தாங்குவது இதுதான். லெவலையும் உருக்களையும் கொடுத்து, மோதல் விதிகளையும் முடிவு நிபந்தனைகளையும் மட்டும் நிரல் எழுத வேண்டும் என்று தனிப் போட்டிப் பிரிவே வைத்தார்கள்.

நடுவர் விஷயத்திலும் இங்கே ஒரு நல்ல யோசனை பிறந்தது. நீல்சன், டோகேலியஸ் முதலியோர் 2015-இல் செய்தது இது: திறமையான ஏஐ ஒன்றையும் கண்டபடி ஆடும் ஏஐ ஒன்றையும் ஒரே ஆட்டத்தில் விடுங்கள். இருவரும் ஒரே அளவு ஜெயித்தால் அங்கே திறமைக்கு இடமில்லை. மனிதர்கள் வடிவமைத்த ஆட்டங்களில் இந்த இடைவெளி பெரிதாகவும், கண்டபடி உருவாக்கியவற்றில் சிறிதாகவும் இருந்தது. எளிய, மலிவான அளவுகோல். ஆனாலும் இது சுவாரஸ்யத்தின் அளவு ஆகாது. சலிப்பூட்டும் ஒரு கணக்குப் பயிற்சியும் திறமையானவரைப் பிரித்துக் காட்டும்.

'முன்னே தள்ளு' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது எஞ்சினில் புதைந்த ஒரு ஜாவா ஃபங்ஷன். அதை எப்படிச் செய்வது என்று மொழியால் சொல்ல முடியாது. பட்டியலில் இல்லாத விளைவை உங்கள் நிரல் ஒருநாளும் கண்டுபிடிக்காது. விஜிடிஎல்லின் பெரிய மறைசெலவு இதுதான். போட்டியில் ஒரு நகர்வுக்கு 40 மில்லிசெகண்ட் என்று வைத்திருந்தார்கள். ஆட்டங்கள் நூற்றுக்கணக்கான நகர்வுகள் நீளும் என்பதால் நடுவரின் செலவும் ஏறும். ஆடு புலி போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

## பஸில்ஸ்கிரிப்ட்: விதியே படம்

ஸ்டீஃபன் லாவெல் 2013-இல் இலவசமாகத் திறந்துவிட்டது. பிரவுசரிலேயே எழுதி, அங்கேயே ஆடி, பகிரலாம். உரிமத் தொல்லை இல்லை. சோகோபானின் மையவிதி ஒரே வரி:

[ > வீரர் | பெட்டி ] -> [ > வீரர் | > பெட்டி ]

நகரும் வீரருக்கு முன்னால் பெட்டி இருந்தால் பெட்டியும் நகரும். இடப்பக்க அமைப்பு எங்கே தென்பட்டாலும் வலப்பக்கமாக மாற்று என்ற ஒரே கருத்தில் முழு மொழியும் நிற்கிறது. விஜிடிஎல்லைப் போல விளைவுகளின் மூடிய பட்டியல் இல்லை என்பதால், யாரும் பெயர் வைக்காத ஒரு பொறிமுறையைக்கூட உங்கள் நிரல் இங்கே கண்டெடுக்கலாம். புதிர் வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைவிடக் கிளர்ச்சி தரும் களம் எனக்குத் தெரியாது.

எதிராளி இல்லாததால் நடுவர் வேலையும் எளிது. சால்வர் ஒன்று எல்லா நிலைகளையும் தேடி, தீர்வு உண்டா, எத்தனை நகர்வு, எத்தனை முட்டுச்சந்து என்று சொல்லிவிடும்.

சிக்கல் லெவலில் இருக்கிறது. புதிர் விதியை லெவல் இல்லாமல் மதிப்பிட முடியாது. நல்ல விதிக்கு மோசமான லெவல் அமைந்தால் விதியையும் சேர்த்துக் கழித்துவிடுவீர்கள். இரண்டையும் சேர்த்தே வளர்க்க வேண்டும்; தேடல்வெளி பெருக்கல் கணக்கில் விரியும். அப்புறம், ஒரு விதி மாற்ற ஏதும் இல்லாதவரை திரும்பத் திரும்ப ஓடும் என்பதால், தானாக உருவான விதிகள் முடிவில்லாச் சுழலில் விழுவது சகஜம். எஞ்சின் ஓர் எல்லையில் நிறுத்திவிடும். உங்கள் நிரல் அதைக் கவனித்து அந்த விதியைத் தூக்கிப்போட வேண்டும்.

## ஏஎஸ்பி: நிபந்தனை முதலில்

மேலே சொன்னவற்றில் ஓர் ஆட்டத்தை எழுதி, அதை மாற்றி, பின்பு சோதிக்கிறோம். ஆன்சர் செட் புரோகிராமிங் திசையை மாற்றுகிறது: ஆட்டங்களின் வெளியையும், ஆட்டத்துக்கு இருக்க வேண்டிய பண்புகளையும் எழுதுகிறீர்கள், பண்புகளை நிறைவு செய்யும் விதித்தொகுப்புகளை மட்டுமே கருவி தரும். ஆடம் ஸ்மித்தும் மைக்கேல் மட்டேயாஸும் 2010-இல் இந்த வழியில் சிறு ஆர்கேட் ஆட்டங்களை உருவாக்கிக் காட்டினார்கள். ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தின் கிளிங்கோ இதற்கு இலவசமாகக் கிடைக்கும் நல்ல கருவி.

'10 நகர்வுக்குள் வெல்லும் வழி ஒன்றாவது இருக்க வேண்டும்' என்பது இதில் சுலபம். 'எதிராளி எப்படி ஆடினாலும்' என்று தொடங்கும் நிபந்தனை பெரும் தலைவலி. மாறிகள் விரிவடையும்போது ரேம் நிறைந்துவிடுவதும் வழக்கம். வகுப்பறைக்கான சிறு புதிர்கள் போல, ஒவ்வொன்றும் குறிப்பிட்ட உத்தரவாதத்தோடு வர வேண்டிய இடத்தில் இதை விஞ்ச வேறில்லை. இருவர் ஆடும் ஆட்டத்துக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| மொழி | பொருந்தும் ஆட்டம் | தற்செயல் மாற்றம் | வேகம் | இயல்பான நடுவர் | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| ஜிடிஎல் | ஏறக்குறைய எதுவும் | பெரும்பாலும் குப்பை | மந்தம் | தர்க்க நிரூபணம் | மாறாததையும் எழுத வேண்டும் |
| லூடீ | பலகை, பகடை | நன்றாகத் தாங்கும் | நல்ல வேகம் | ஏஐ எதிர் ஏஐ | உரிமம், பெரிய இலக்கணம் |
| ஆர்பிஜி | பகடையற்ற பலகை | நடுத்தரம் | அதிவேகம் | ஏஐ எதிர் ஏஐ | ஒவ்வொன்றுக்கும் கம்பைல் |
| விஜிடிஎல் | ஆர்கேட் | மிக நன்றாகத் தாங்கும் | நடுத்தரம் | வலிய ஏஐ, பலவீனமான ஏஐ ஒப்பீடு | மூடிய விளைவுப் பட்டியல் |
| பஸில்ஸ்கிரிப்ட் | ஒருவர் புதிர் | தாங்கும், சுழல் அபாயம் | சிறு லெவலில் போதுமானது | சால்வர் | லெவலும் சேர்ந்து வேண்டும் |
| ஏஎஸ்பி | சிறு புதிர் | தேவைப்படாது | அளவு கூடினால் திணறும் | நிபந்தனையே நடுவர் | நினைவகம், எதிராளி |

## சொந்த மொழி எழுதலாமா

பலர் கடைசியில் இங்கே வருவார்கள், சிலருக்கு அது சரியான முடிவும்கூட. பார்னி பெல் 1992-இலேயே மெட்டாகேம் என்ற பெயரில் இதைச் செய்தார். சதுரங்கம் போன்ற, இருபுறமும் சமச்சீரான ஆட்டங்கள் மட்டும் என்று வேலியைக் குறுக்கிக்கொண்டார். அந்த வேலிக்குள் அவருடைய உருவாக்கி புதுப்புது ஆட்டங்களைக் கொட்டியது. உங்கள் ஆட்டக் குடும்பமும் அவ்வளவு குறுகியது என்றால் இரண்டு பக்க இலக்கணம் போதும்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ இலக்கணம் அடைப்புக்குறி சரியா என்று பார்க்கும். விதியில் சொன்ன காய் முன்பே அறிவிக்கப்பட்டதா, பலகையில் அது இருக்கிறதா என்று பார்க்காது. அந்தச் சோதனைகளை எழுதத்தான் நேரம் போகும். எஞ்சின், திரை, ஏஐ எல்லாம் சேர்த்தால் ஒரு செமஸ்டர் அதிலேயே கரைந்துவிடும். செமஸ்டர் ப்ராஜெக்ட் செய்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள்.

## மொழி மாதிரிகள் வந்தபின் இதெல்லாம் தேவையா

'சாட்பாட்டிடம் கேட்டால் புதிய ஆட்டத்தின் விதிகளை எழுதித் தருகிறதே, முறைசார்ந்த மொழி எதற்கு?' என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். அது வழக்கமான உரைநடையில் எழுதித் தருவதை எந்த ஏஐயும் நேராக ஆடிப் பார்க்க முடியாது. நடுவர் வேலையை மனிதரே செய்ய வேண்டும். 1,389-இல் 19-ஐ யார் உட்கார்ந்து தேடுவது?

2024-இல் கிரஹாம் டாட் முதலியோர் வெளியிட்ட கேவல் என்ற ஆய்வு இரண்டையும் இணைத்தது. ஒரு மொழி மாதிரிக்கு லூடீ ஆட்டக் கோப்புகளைக் கற்பித்து, ஆட்டத்தின் ஒரு பகுதியை மறைத்து, அந்த இடத்தை நிரப்பச் சொன்னார்கள். தற்செயல் மாற்றம் இருந்த இடத்தில் படித்த மாற்றம் வந்தது. கழிப்பதும் தேர்ந்தெடுப்பதும் பழையபடி லூடீ எஞ்சினின் வேலைதான். இது மொழித் தேர்வில் ஒரு புதிய கணக்கைச் சேர்க்கிறது: அந்த மொழியில் ஏற்கனவே எத்தனை ஆட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன? லூடீயில் ஆயிரத்துக்கு மேல் இருப்பதால் கற்பிக்க முடிந்தது. நீங்கள் போன மாதம் உருவாக்கிய மொழியில் அந்த எண்ணிக்கை பூஜ்யம். பலகை ஆட்டத்துக்கு மொழி மாதிரியைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் லூடீயைத் தவிர வேறு எதையும் இன்று நான் சொல்ல மாட்டேன். புதிர் என்றால் பஸில்ஸ்கிரிப்டில் பலரும் எழுதிப் பகிர்ந்தவை குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, சால்வரால் தீர்க்க முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.